காலி எடை

தவசியின் பிக்கப் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்ற விஷயம் ஆலங்கோம்பைச் சந்தைக்கு முதலில் வெறும் ஐம்பது கிலோவாகத்தான் தெரிய வந்தது, அந்த ஐம்பது கிலோ ஒரு பெண் என்பது பிறகு தெரிந்தது, அவள் மாசமாக இருக்கிறாள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. ஆனால் அவள் எப்படி அந்த வண்டிக்குள் வந்தாள் என்று சந்தையில் ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு யார் அப்பா என்றுதான் கேட்டார்கள்.

கேட்டவர்கள் எல்லோரும் கேட்டு முடித்ததும் ஒரே ஆளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தவசியின் மனைவி இளஞ்சியம். காஜாமைதீன் கமிஷன் கடையில் பதினாறு வருஷமாகக் காய் பிரிக்கிறவள். பீன்ஸில் முற்றல் வேறு, பிஞ்சு வேறு என்று பார்க்காமலே விரலால் பிரிக்கத் தெரிந்தவள்.

ஆலங்கோம்பை மலையடிவாரத்து ஊர். மேலே விளையும் பீன்ஸும் சௌசௌவும் அவரையும் பிக்கப் வண்டிகளில் இறங்கி வந்து, காஜாமைதீன் கடை வாசலில் இருக்கும் எடை மேடையில் ஏறி நிற்கும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு மாதிரி அறை. அதற்குள் உட்கார்ந்திருக்கும் லூர்துசாமி கண்ணாடி வழியாக எண்ணைப் படித்துச் சொல்லுவார். அந்த எண்ணிலிருந்து வண்டியின் கதவில் பெயிண்டால் எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்தால் மீதி சரக்கு. கதவில் எழுதிய எண்ணை அங்கே யாரும் சந்தேகப்படுவதில்லை, ஏனென்றால் சந்தேகப்பட ஆரம்பித்தால் ஒவ்வொரு வண்டியையும் சரக்கு இறக்கிய பிறகு மறுபடி மேடை ஏற்ற வேண்டும், அப்படி ஏற்றினால் வரிசை ஆஸ்பத்திரி முக்கு வரை நிற்கும். தவசியின் வண்டிக் கதவில் 1640 என்று எழுதியிருந்தது. அந்த எண் அந்தக் கதவில் பன்னிரண்டு வருஷமாக இருந்தது.

மலைப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. முன்னால் ஓட்டுகிறவனுக்கும் பின்னால் சரக்கோடு நிற்கிறவர்களுக்கும் நடுவில் பேச்சு கேட்காது, ஆகவே வண்டியின் தகரத்தைக் கையால் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, ஆள் இறங்க வேண்டும். இரண்டு தட்டு என்றால் ஏறியாயிற்று, போகலாம். தட்டாமல் யாரும் இறங்குவதில்லை. மலையில் யாராவது செத்து உடல் கீழே வந்தால்கூட, வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் உடலில் கை வைப்பார்கள், தட்டாமல் இறக்கினால் உடல்தான் இறங்கும், ஆள் வண்டியிலேயே இருந்துவிடும் என்பது மேலே உள்ளவர்களின் கணக்கு. கீழே உள்ளவர்களும் இதை நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டினார்கள்.

போன ஐப்பசியில் தவசியின் வண்டிக்கு கிராங்க் உடைந்தது. உடைந்ததோடு நிற்காமல் இன்ஜினின் அடிவயிற்றையும் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. வேறு வழி இல்லாமல் தவசி மேல்மலைக்கு ஏறி, அங்கே வேறொருவருடைய வண்டிக்கு ஆக்டிங் டிரைவராக இருபது நாள் ஓட்டினான். இருபத்தோராம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டதற்கு, "குளிரு" என்று ஒரு வார்த்தை சொன்னான். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் குளிர் என்று சொன்னது இளஞ்சியத்துக்கு ஒட்டவில்லை. ஆனாலும் அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாதம் பொங்கல் கழிந்ததும் அவனும் பட்டறைக் கருத்தமுத்துவும் கிளம்பிப் போய், நாலு நாள் கழித்து, ஒரு லாரியின் பின்னால் சாக்குப் போட்டு மூடிய இன்ஜினோடும் கியர் பாக்ஸோடும் பின் ஆக்சிலோடும் வந்து இறங்கினார்கள். எங்கோ ஒரு பழைய இரும்புக்கடையில் படுத்துக் கிடந்த வண்டியிலிருந்து எடுத்தது. கருத்தமுத்து ஒன்பது நாள் வேலை பார்த்தான். பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கி வெளியே வைத்தான், புதியதை இறக்கும்போது தாங்கும் இடங்கள் நாலு விரற்கடை ஒத்துப்போகாததால் பழையவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைத்தான், ஆக்சில் அகலம் கூடுதலாக இருந்ததால் ஸ்பிரிங் பட்டைகளின் இருக்கையை மாற்றினான், கிளட்ச் பிளேட் கரிந்து கிடந்ததால் அதை மட்டும் புதிதாகப் போட்டான். பத்தாம் நாள் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டி வெளியே வந்தது. எடுத்ததையும் வைத்ததையும் புளிக்கடைத் தராசில் போட்டுப் பார்த்து, புதியவை நாற்பது கிலோ கூடுதல் என்று கண்டு, கதவில் 1640-ஐ அழித்து 1680 என்று கருத்தமுத்துவே தன் கையால் எழுதினான்.

முதல் நாள் சரக்கு வந்தது. மேலே மூட்டை மூட்டையாக எடை போட்டு அனுப்பிய பீன்ஸ், கீழே மேடையில் ஐம்பது கிலோ அதிகமாக இருந்தது. வரும் வழியில் குறையும் காயைத்தான் காஜாமைதீன் பார்த்திருக்கிறாரே தவிர வளரும் காயைப் பார்த்ததில்லை.

"காலியா ஏத்துப்பா" என்றார்.

காலியாக ஏற்றினான். லூர்துசாமி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். "ஆயிரத்து எழுநூத்து முப்பது."

"பாய், இந்த வண்டியில ஒரு குண்டூசி ஒளிச்சு வச்சிருந்தா என் கையை வெட்டுங்க."

"உன் கையை வெட்டி நான் என்னத்தப் பண்ண, தவசி. ஐம்பது கிலோவைக் காட்டு."

சீட்டைக் கழற்றினார்கள். ஸ்டெப்னியைக் கழற்றினார்கள். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அடியில் படுத்து சேஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்கள். மேடையே கெட்டுவிட்டதோ என்று லூர்துசாமி முத்திரை குத்திய எடைக் கற்களை ஏற்றிப் பார்த்தார், கல் சரியாக இருந்தது. பிறகு அவர் முன்சக்கரம் இரண்டை மட்டும் ஏற்றச் சொன்னார், பிறகு பின்சக்கரம் இரண்டை, பிறகு இடப்பக்கம் மட்டும், பிறகு வலப்பக்கம் மட்டும் ஏற்றச் சொல்லி ஒரு தாளில் கூட்டிக் கழித்து, கடைசியில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். முப்பது வருஷமாக எண் படித்துச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்: "டிரைவருக்குப் பக்கத்து சீட்டு."

அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கத் துணிந்தவள் ஒச்சம்மா. இளஞ்சியத்தோடு காய் பிரிக்கிறவள், கட்டையான ஆள், எதற்கும் அஞ்சாதவள். ஏறினாள், உட்கார்ந்தாள், இறங்கினாள்.

"பொம்பளதான்" என்றாள்.

"எப்படித்தா சொல்ற?"

"ஆம்பளையா இருந்தா காலை அகட்டி உக்காந்திருப்பான். எனக்கு இடம் இருந்திருக்காது. இவ ஒதுங்கிக் குடுத்தா."

இதற்கு மேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. காஜாமைதீன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, தவசி வண்டியை மட்டும் காலியாகவும் ஒருமுறை ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார், வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எடை நேராகிவிட்டால் அவருக்கு மற்றது முக்கியமில்லை. லூர்துசாமி ரசீதில் ஓட்டுநர் என்ற இடத்தில் "தவசி, உடன் ஒருவர்" என்று எழுத ஆரம்பித்தார். டீக்கடையிலிருந்து தவசிக்குப் போகும் டீ ஒன்று இரண்டானது. இரண்டாவது டீ ஆறித் திரும்பி வந்தது, ஆனாலும் மறுநாளும் போனது. வேலை முடிந்து தவசி வண்டியில் வீட்டுக்குத் தொற்றிக்கொண்டு போகும் பெண்கள் முன்பக்கம் ஏறும்போது "கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி" என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். சந்தை முக்கில் நிற்கும் போலீஸ்காரர் ஒருமுறை, முன்னால் மூன்று பேர் உட்காரக் கூடாது என்று தெரியாதா என்று இரண்டு பேர் இருந்த வண்டியை நிறுத்தினார்.

இளஞ்சியம் மட்டும் அந்த வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போனாள்.

பங்குனியில் எண் 1735 ஆனது. வைகாசியில் 1740 ஆனது. லூர்துசாமி ரசீது நகல்களை எல்லாம் ஒரு கம்பியில் குத்திக் கூண்டுக்குள் தொங்கவிட்டிருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் காய் வாங்க வரும் கிராம சுகாதார நர்ஸ் எஸ்தர், சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில் அந்தக் கம்பியைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"இது சாப்பாட்டுல ஏறுற எடை இல்லண்ணே" என்றாள். "மாசமா இருக்கிறவ எடை. மாசத்துக்கு ரெண்டு கிலோ, கணக்காத்தான் ஏறுது. இப்ப எட்டாம் மாசம்."

"எட்டா?"

"எட்டு. தையில நாலு. அப்படின்னா..." எஸ்தர் விரலை மடக்கினாள். கூண்டைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து விரலை மடக்கினார்கள். சுமை தூக்குகிறவர்கள் மடக்கினார்கள், வெங்காயக் கடைக்காரர் மடக்கினார், காஜாமைதீன் தொழுகைக்குக் கிளம்பியவர் நின்று மடக்கினார். எல்லோருடைய விரலும் ஒரே மாதத்தில் போய் நின்றது.

ஐப்பசி.

ஐப்பசியில் தவசி எங்கே இருந்தான் என்பது சந்தைக்குத் தெரியும். அத்தனை பேரும் இளஞ்சியத்தைப் பார்த்தார்கள். பிறகு, பார்த்தது தெரிந்துவிடக் கூடாது என்று அவள் முன்னால் கிடந்த பீன்ஸைப் பார்த்தார்கள். அவள் விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அன்று சாயங்காலம் ஏற்றுமதிக்குப் போன கூடையில் முற்றலும் பிஞ்சும் கலந்து கிடந்தன. பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

வீட்டில் அவள் கத்தவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் காத்திருந்து, கேட்டாள்.

"மேல்மலையில யாரு?"

"யாரும் இல்ல."

"வண்டியில இருக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? சீட்டுல யாரு இருக்கான்னு எனக்கு மட்டும் கண்ணு தெரியுதா?"

அவன் பொய் சொல்லும்போது வலது காதைத் தொடுவான். தொட்டான். இளஞ்சியம் அவன் பாயையும் தலையணையையும் கொண்டுபோய் வண்டியின் பின்னால் போட்டுவிட்டு வந்தாள். மகளின் காலாண்டுப் பரீட்சை முடிகிற வரைக்கும் பார்ப்பது, அதற்குள் உண்மை வரவில்லை என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். போனால் திரும்பி வருகிற ஆள் இல்லை அவள். அது தவசிக்கும் தெரியும். அவன் அன்றிலிருந்து வண்டியிலேயே படுத்தான். அதைச் சந்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

"பாத்தியா, மனுசன் அங்கயே குடித்தனம் போயிட்டான்."

சந்தேகம் ஒரு வண்டியோடு நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடை மேடையில் சரக்கே இல்லாமல் பதினேழு வண்டிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுகிறவனுடைய மனைவி கீழே இறங்கி, கூண்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று, கதவு எண்ணையும் மேடை எண்ணையும் ஒத்துப் பார்த்தாள். ஆண்கள் சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள், இறக்கும்போதுதான் மூச்சு விட்டார்கள். மாயன் வண்டியில் முப்பது கிலோ கூடுதலாக இருந்தது. அவன் மனைவி நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கை தூக்கிய நேரத்தில், சீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டைப் பூண்டு கிடைத்தது. அது வெங்காயக் கடைக்காரருடைய பூண்டு. மனைவி நிம்மதியாகக் கையை இறக்கினாள். திருட்டுத்தான்.

இளஞ்சியம் ஒருநாள், சந்தை கலைந்த மத்தியான வேளையில், மேடையில் காலியாக நின்ற வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து சீட்டின் ரெக்சின் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாக இருந்தது. தைக்குப் பிறகு வந்த பள்ளம்.

"எவ்வளவுண்ணே?" என்று கூண்டைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தஞ்சு. நீ ஐம்பத்தஞ்சு. ரெண்டு பேரும் இருக்கீங்க."

இளஞ்சியம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம் பேசினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ஆமான்னா ஆமா. இல்லைன்னா இல்ல. உனக்கும் எனக்கும் சண்டை கிடையாது." பள்ளம் மட்டும், இடுப்பு வலி உள்ள ஒருத்தி உட்கார்ந்த வாக்கில் ஒரு பக்கம் சாய்வதைப் போல, ஜன்னல் பக்கமாக மெதுவாக நகர்ந்தது. அதைப் பார்த்ததும் இளஞ்சியத்துக்குக் கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன் மகளைச் சுமந்தபோது ஒன்பதாம் மாசத்தில் அவளுக்கும் அதே பக்கம்தான் வலித்தது.

ஆனியில் ஒச்சம்மா எல்லோரையும் திரட்டினாள். அப்பன் யாராக இருந்தால் என்ன, ஒன்பதாம் மாசத்துக்காரிக்கு வளையல் போடாமல் விட்டால் அது சந்தைக்கு ஆகாது என்றாள். எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் என்று ஐந்து வகை ஆக்கி வந்தார்கள். ஆண்களை வெங்காய மூட்டை அடுக்கும் கிட்டங்கிப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். சந்தனத்தை எங்கே பூசுவது என்று சிறிது நேரம் பேச்சு நடந்தது, கடைசியில் டாஷ்போர்டில் பூசினார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களைக் கியர் கம்பியில் போடுவது என்று வைத்தார்கள். முதல் வளையலை யார் போடுவது என்ற கேள்வி வந்தபோது வளையல் தட்டு கைக்குக் கை மாறிப் போனது. இளஞ்சியம் பீன்ஸ் குவியலிலிருந்து எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு பச்சை வளையலைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அது பெருந்தன்மை என்று சிலர் சொன்னார்கள், வேவு பார்க்கப் போனாள் என்று சிலர் சொன்னார்கள். இரண்டாவதாகச் சொன்னவர்கள்தான் சரி. அவள் வளையல் போடும்போது தவசியைப் பார்த்தாள். அவன் கிட்டங்கி வாசலில் நின்று, வயிற்றில் குத்து வாங்கியவன் மாதிரி குனிந்திருந்தான். ஆசை வைத்தவன் முகம் அப்படி இருக்காது.

அன்றுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. சந்தையிலிருந்து வீட்டுக்கு ஆஸ்பத்திரி முக்கு வழியாக நல்ல தார் ரோடு இருக்கிறது. தையிலிருந்து தவசி ஒருநாள்கூட அந்த வழியில் வரவில்லை. குண்டும் குழியுமான கண்மாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தான்.

அவள் நேராகப் பட்டறைக்குப் போனாள். கருத்தமுத்து ஒரு டிராக்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான்.

"தம்பி, தலைய வெளிய எடு. ஒண்ணு கேக்கணும்."

"மதினி, அண்ணன் விஷயத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது. சாமி சத்தியமா."

"அண்ணனைக் கேக்கல. இன்ஜினைக் கேக்கறேன். அந்த இரும்புக்கடையில எத்தனை வண்டி கிடந்துச்சு?"

கருத்தமுத்து தலையை வெளியே எடுத்தான். இன்ஜின் பற்றிப் பேசுவது அவனுக்குப் பிடிக்கும். "நாப்பது இருக்கும். மூணு நாளா ஒவ்வொண்ணாப் பாத்தேன். அண்ணன் பாக்கவே இல்ல. நாலாம் நாள் மூலையில கிடந்த ஒரு வண்டியைக் காட்டி, இதுல எடு, கிளட்ச் பிளேட் மட்டும்தான் போயிருக்கு, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னாரு. எப்படிண்ணே தெரியும்னேன். சத்தத்துல தெரியும்னாரு. வண்டி ஓடவே இல்ல மதினி, என்ன சத்தம்? ஆனா பிரிச்சுப் பாத்தா அவர் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கழட்டினோம், லாரியில ஏத்தினோம். ஏத்தி முடிச்சதும் அண்ணன் பழக்க தோசத்துல அந்தச் செத்த வண்டித் தகரத்துல ரெண்டு தட்டுத் தட்டினாரு. போலாம் ரைட்டுங்கிற மாதிரி. நான்கூடச் சிரிச்சேன். ஏண்ணே, யாரைப் போகச் சொல்றீங்கன்னேன். அவர் மூஞ்சி வெளுத்துப்போச்சு."

இளஞ்சியம், "ஒரு தட்டு தட்டலையா?" என்று கேட்டாள்.

"இல்ல மதினி. ரெண்டுதான்."

ஆடி பிறந்து மூன்றாம் நாள், காற்று சந்தையின் தகரக் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த காலையில், எடை 1740-லேயே நின்றது. பத்தாம் மாசம் என்று எஸ்தர் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சரக்கு இறக்கி முடித்த வண்டியில் தவசி உட்கார்ந்திருந்தான். இளஞ்சியம் டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அந்த வண்டியைத்தான நீங்க ஐப்பசியில ஓட்டினீங்க?"

அவன் கை காதுக்குப் போகவில்லை. ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

"ஆமா."

"இவளையும் ஏத்தினீங்க."

"நாலு மாசம். ரத்தப்போக்கு. புருசன் கேரளாவுல வேலைக்குப் போயிருந்தான், மாமியாக்காரி கொண்டாந்து முன்னால ஏத்திவிட்டா, கீழ ஆஸ்பத்திரியில விட்ருய்யான்னு. பாதி வழியில பின்னால ஒரு தட்டு விழுந்துச்சு. நிறுத்தினேன். பீன்ஸ் மூட்டை ஏத்தணும்னாங்க. எத்தனைன்னு பாக்கல. இந்தப் புள்ள, அண்ணே போலாம்ணே, போலாம்ணேன்னுச்சு. ரெண்டு நிமிசம்னேன். எட்டு மூட்டை ஏத்திட்டாங்க. இறக்கத்துக்கு முன்னால ஒரு ஏத்தம் இருக்குல்ல, அதுல இழுக்கல. கிளட்ச் கரிஞ்சுபோச்சு. ஆளுங்க கட்டில் கொண்டாந்து தூக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள..."

"தூக்கும்போது யாராச்சும் தட்டினாங்களா?"

"யாருக்குத் தோணும் அப்போ?"

"மூட்டை ஏத்த மட்டும் தோணுச்சு."

"ஆள் செத்த வண்டின்னு மொதலாளி அதை இரும்புக்கடைக்குத் தள்ளிட்டாரு" என்றான் அவன். இளஞ்சியம் கேட்டாள், "தெரிஞ்சும் அந்த இன்ஜினையே ஏன் எடுத்தீங்க?"

பாவம் கழுவுகிற மாதிரி ஏதாவது காரணம் கிடைக்குமா என்று அவன் தேடிப் பார்த்தான். கடைசியில் உள்ளதைச் சொன்னான். "நல்ல இன்ஜின்."

அவனுக்கு வேறொருத்தி இருந்திருந்தால் அழுதுவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று அந்த நிமிஷம் இளஞ்சியத்துக்குத் தோன்றியது. இதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றுபோன மாதக்கணக்கு, அந்த இன்ஜின் மறுபடி உறுமிய நாளிலிருந்து விட்ட இடத்தில் தொடர்ந்து ஓடியிருக்கிறது. இவள் எந்தக் குடியையும் கெடுக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஏறினவள், போலாம் ரைட் என்று தட்டினார்கள், அதனால் போய்க்கொண்டிருக்கிறாள். ஏழு மாசமாக அவளைக் கண்மாய்க்கரையில் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

"பேரென்ன?"

"சிட்டம்மா. அதுவே சொல்லுச்சு."

இளஞ்சியம் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தாள். "சிட்டம்மா, கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி" என்று சொல்லி ஏறினாள். "ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். சரக்கு வண்டி உள்ளே போகக் கூடாது. "பிரசவ கேசு" என்றாள் இளஞ்சியம். அவர் முன்சீட்டை எட்டிப் பார்த்தார், டாஷ்போர்டில் காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார், கியர் கம்பியில் குலுங்கிய வளையல்களைப் பார்த்தார். அவருக்கும் சந்தையில் சொந்தம் இருந்தது. கேட்டை முழுவதுமாகத் திறந்துவிட்டார்.

பிரசவ வார்டுப் படிக்கட்டுக்கு முன்னால் தவசி வண்டியை நிறுத்தினான். இறங்கிச் சுற்றி வந்து, திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் நின்று, தகரத்துக்கு நேராகக் கையை உயர்த்தினான். கை அங்கேயே நின்றது.

"ஒண்ணு" என்றாள் இளஞ்சியம். "ஒண்ணுதான்."

தட்டினான். "சிட்டம்மா, ஆஸ்பத்திரி வந்துருச்சு. எறங்கு தாயி." கொஞ்சம் பொறுத்து, "மெதுவா" என்றான்.

வண்டியின் இடப்பக்கப் பட்டை முனகியது. சீட்டிலிருந்த பள்ளம் மேலே வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

தவசி வண்டியைத் திருப்பப் போனான். இளஞ்சியம் தடுத்தாள். "பிரசவத்துக்கு வந்தவளை விட்டுட்டு அப்படியே போறதா? அவளுக்கு இங்க யாரு இருக்கா?" வார்டுக்கு வெளியே இருந்த சிமென்ட் பெஞ்சில், ஃப்ளாஸ்கும் பழைய சேலைத் துணியும் வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "யாருக்குக்கா?"

"எங்க வண்டியில வந்த புள்ளைக்கு."

"எத்தனாவது?"

"தலைப்பிரசவம்."

நான்கு மணி வாக்கில், யாரும் கூப்பிடாமலே, கூப்பிட்டது கேட்டவள் மாதிரி எழுந்து வார்டுக் கதவு வரை போனாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தபோது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மடித்து வைத்திருந்தாள். ஆடிக் காற்றில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நடந்தார்கள்.

வண்டியில் ஏறி, கதவுக்கு வெளியே கையை நீட்டி, இரண்டு தட்டுத் தட்டினாள். தவசி அவளைப் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.

சந்தையில் சேதி அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது. மேடையைச் சுற்றிச் சுமை தூக்குகிறவர்களும் வெங்காயக் கடைக்காரரும் ஒச்சம்மாவும் நின்றார்கள், பூண்டு மாயனும் நின்றான். தவசியையும் இளஞ்சியத்தையும் இறங்கச் சொல்லிவிட்டு லூர்துசாமி கூண்டுக்குள் போனார். தவசி இறங்கினான். இளஞ்சியம் இறங்கும்போது, மடித்த கைகளைச் சீட்டின் மேல் ஒரு கணம் தாழ்த்தி, பிறகு விரித்துக்கொண்டு இறங்கினாள். ஒச்சம்மா மட்டும் அதைக் கவனித்தாள்.

"ஆயிரத்து அறுநூத்து எண்பது" என்றார் லூர்துசாமி.

கதவில் எழுதிய அதே எண். காஜாமைதீன் தலையை ஆட்டிவிட்டு, நாளையிலிருந்து காலி எடை வேண்டாம் என்றார். ஆண்கள் தவசியின் தோளில் தட்டினார்கள். டீக்கடைக்காரர் ஒரு டீ மட்டும் அனுப்பினார். அரை மணி நேரத்தில், யார் அப்பன் என்று இரண்டு மாசம் விரல் மடக்கியவர்கள் எல்லோரும், அப்படி ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் கலைந்து போனார்கள்.

இளஞ்சியம் மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, இந்த மேடை எத்தனை கிலோ வரைக்கும் நுணுக்கமாச் சொல்லும்?"

"அஞ்சு அஞ்சாத்தான் ஏறும்மா. லாரிக்குப் போட்ட மேடை. அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் இதுக்குத் தெரியாது."

"ரெண்டு, ரெண்டரை?"

"பூஜ்யம்" என்றார் லூர்துசாமி.

அவள் சரி என்று தலையாட்டினாள். வண்டிக்கு வந்து, இடப்பக்கக் கதவைச் சத்தம் வராமல் திறந்தாள், சீட்டுக்கு மேல் குனிந்து கைகளை மறுபடி முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள், ஏறி உட்கார்ந்தாள். தவசி சாவியைத் திருப்பினான். நல்ல இன்ஜின், ஒரே திருப்பில் பிடித்தது. கண்மாய்க்கரைப் பக்கம் திரும்பப் போனவன், நிறுத்தி, தார் ரோட்டுப் பக்கம் திருப்பினான்.

"பாயை எடுத்து வீட்டுக்குள்ள போடட்டுமா?" என்று ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

இளஞ்சியம் முழங்கையால் கைப்பிடியைச் சுற்றி ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினாள். காற்று நின்றது. கியர் கம்பியில் வளையல்கள் குலுங்கின.

"பேசாம மெதுவா ஓட்டுங்க" என்றாள். "குழியில விடாதீங்க."